வடக்கில் ஈ.ஏ. வேலை: பணம் யாருடையது?

(ஸ்காபரோவில் பெற்றோருக்கும் கல்வி உதவியாளர்களுக்குமாக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் ஈ.ஏ. படிப்பை முடித்தவர்கள், இல்லாவிட்டால் முடிக்கப்போகிறவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஈ.ஏ. என்றால், வகுப்பறையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளோடு இருந்து ஆசிரியருக்குத் துணைசெய்யும் கல்வி உதவியாளர் வேலை. ரொறன்ரோவில் இந்த வேலைக்குள் எப்படி நுழைவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதலில் சப்ளை லிஸ்ட் எனும் பதிலாள் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். விடிய முன்னமே தொலைபேசி அடிக்குமா என்று காத்திருக்க வேண்டும். நிரந்தரம் என்பது பிறகு, எப்போதாவது. அந்த அலுப்பில்தான் "வடக்கே போனால் கையோடு வேலையாம்" என்ற கதை வீட்டுக்கு வீடு பரவுகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கையோடு வேலை என்பது பெரும்பாலும் உண்மைதான். அந்த வேலை அடுத்த ஜூனுக்குப் பிறகும் இருக்குமா என்பதில்தான் சிக்கல். சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், அந்தச் சம்பளம் யாருடைய பணத்தில், எத்தனை மாதத்துக்கு வருகிறது என்று பாருங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

வடக்கு என்று நான் சொல்வது வடமேற்குப் பிரதேசங்களை. மேற்கே யுகோன், கிழக்கே நுனாவுட், நடுவில் இது. ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர். இலங்கையைப் போல் 20 மடங்கு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்பவர்கள் 41,070 பேர். அவர்களில் 20,340 பேர் தலைநகரான யெல்லோநைஃபில் இருக்கிறார்கள். மீதிப் பேர் 30க்கு மேற்பட்ட ஊர்களில் சிதறி இருக்கிறார்கள். ட்லிச்சோ மக்களின் ஊர்களில் ஒன்றான வாட்டிக்கு எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலை 2021 நவம்பரில்தான் திறந்தது. ஆர்க்டிக் கடலோரத்து டுக்டோயக்டுக்குக்கு 2017இல் திறந்தது. சாக்ஸ் ஹார்பர், பாலடுக், உலுக்ஹாக்டொக் போன்ற ஊர்களுக்கு இன்றைக்கும் சிறிய விமானம்தான். கனமான சாமான்கள் கோடையில் சரக்குத் தோணியில் வரும். உத்தியோகபூர்வ மொழிகள் 11. அவற்றில் 9 அந்த மண்ணின் மக்களுடையவை.

இப்படிப்பட்ட இடத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று தனிப் பாடசாலை நடத்த முடியாது. நடத்தக்கூடாது என்றும் முடிவெடுத்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒவ்வொரு மாணவருக்கும் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே, எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் வழக்கமான வகுப்பில் படிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. இதைப் படிக்கும்போது அங்கே நடந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். டெனே, இனுவியாலுயிட், குவிச்சின் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த நாடு இது. இனுவிக்கிலிருந்த குரோலியர் ஹால் என்ற விடுதி 1990கள் வரை இயங்கியது. அதிலிருந்தவர்கள் இன்று பாட்டன் பாட்டிகள் மட்டுமல்ல, தாய் தகப்பன்களும்தான். "உங்கள் பிள்ளைக்கு நல்ல சிகிச்சை தெற்கில் இருக்கிறது, அனுப்புங்கள்" என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்லும்போது அது வேறு மாதிரிக் காதில் விழும். ஆகவே பிள்ளை ஊரிலேயே இருக்க வேண்டும். வழக்கமான வகுப்பிலேயே இருக்க வேண்டும். அப்படியானால் அந்த வகுப்பில் இன்னொரு ஆளும் இருந்தாக வேண்டும். ஈ.ஏ. வேலை அங்கே பிறப்பது இந்த இடத்தில்தான். அவர்கள் அதை சப்போர்ட் அசிஸ்டன்ட் என்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சில நூறு பேர் இருக்கும் ஊர். பெயரைச் சொன்னால் பிள்ளை யாரென்று அங்கே உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பையனைத் தம்பி என்றே வைத்துக்கொள்வோம். கைக்குழந்தையாக இருந்தபோதே திரும்பத் திரும்ப வந்த நடுக்காது அழற்சியால் கேட்கும் சக்தி குறைந்துபோன பிள்ளை. வடக்கில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிரச்சினை. கேட்காததால் பேச்சு பிந்தியது; பேச்சு பிந்தியதால் கோபம் முந்தியது. பேச்சுப் பயிற்சியாளர் விமானத்தில் வருவார். காற்றும் பனியும் விடாவிட்டால் வரமாட்டார். அடுத்த முறை என்பது சில மாதம் கழித்து. வந்தால் ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் பயிற்சித் தாள்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் தாள்களை ஒவ்வொரு நாளும் நடைமுறைப்படுத்துவது யார்? உதவியாளர்தான். அதாவது ரொறன்ரோவில் மூன்று நான்கு நிபுணர்கள் பிரித்துச் செய்யும் வேலையின் அன்றாடப் பகுதி முழுவதும் அங்கே ஒரு ஆளின் தலையில்.

தம்பியின் உதவியாளர் உள்ளூர் அம்மா ஒருவர், பேரப்பிள்ளைகள் கண்டவர். சான்றிதழ் எதுவும் இல்லை. பாடசாலையில் வாங்கி வைத்திருந்த படஅட்டைகளை ஒருநாள் அவர் மேசையில் பரப்பிப் பார்த்தார். 'முதலில் இது, பிறகு அது' என்று பிள்ளைக்கு ஒழுங்கைக் காட்டும் அட்டைகள். அதில் மஞ்சள் பஸ், போக்குவரத்து விளக்கு, நீச்சல் தடாகம். அந்த ஊரில் இது மூன்றும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய் ஊர்க் கடை, பனிச்சறுக்கு வண்டி, பாடசாலை வாசலில் வரிசையாக இருக்கும் பூட்ஸ், மீன் காயப்போடும் கொட்டில், தம்பியின் பாட்டி என்று படமெடுத்து, அலுவலகத்தில் அச்சிட்டு, டேப் ஒட்டி வந்தார். தம்பி அந்த அட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பேசத் தொடங்கினான். எனக்கு முதுகலைப் பட்டம் இருந்தது. அந்த யோசனை எனக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே மைனஸ் முப்பதில் இடைவேளைக்குப் போவது என்றால் பனிக் காற்சட்டை, பூட்ஸ், கழுத்துத் துணி, தொப்பி, இரண்டு சோடிக் கையுறை. ஆறு சின்னப் பிள்ளைகளுக்கு இதை மாட்டி வெளியே விட்டுத் திரும்பக் கழற்றுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். தம்பிக்குத் துணி கழுத்தில் பட்டாலே ஆகாது. அவனைப் பிடித்து வைத்து மாட்டினால் அன்றைய நாள் அவ்வளவுதான். அந்த அம்மா அதையே பாடமாக்கினார்: எது முதலில், எது பிறகு, எண்ணிக்கை, இடது வலது, ட்லிச்சோ மொழியில் ஒவ்வொன்றின் பெயர். வேலை விளம்பரத்தில் இதை 'தனிப்பட்ட பராமரிப்பு' என்று இரண்டு சொல்லில் போட்டிருப்பார்கள்.

அந்த அம்மாவின் பணியிடம் ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத்தில் காலாவதியாகும். செப்டம்பரில் திரும்ப அழைப்பார்களா என்பது ஆகஸ்ட் கடைசியில்தான் தெரியும். ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள்; அவர் மட்டும்தான் அந்தப் பாடசாலையில் நிலையாக இருந்தவர். ஆனால் தாளில் நிலையில்லாதவர் அவர் ஒருவர்தான். ஏன் இப்படி?

பிரதேச அரசு எல்லோரையும் உள்ளடக்கும் கல்விக்கென்று ஒதுக்கும் பணம், எத்தனை மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கில் வருகிறது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கில் வருவதில்லை. சின்ன ஊரில் மாணவர் குறைவு, பணமும் குறைவு. தேவை மட்டும் குறைவதில்லை. இந்த இடைவெளியைக் கடந்த சில வருடங்களாக நிரப்பிவந்தது வேறொரு பணம். அதன் பெயர் ஜோர்டான் கோட்பாடு.

மானிட்டோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த, 1999இல் பிறந்த பிள்ளை ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன். கடுமையான மருத்துவத் தேவைகளோடு பிறந்து வினிபெக் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இழுபறிப்பட்டன. 2005இல் ஐந்து வயதில் அவன் ஆஸ்பத்திரியிலேயே இறந்தான். வீட்டில் ஒரு நாளும் வாழவில்லை. அதன் பிறகுதான், பழங்குடிப் பிள்ளைக்கு ஒரு சேவை தேவைப்பட்டால் முதலில் சேவையைக் கொடு, கணக்கை அரசுகள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும் என்ற தீர்மானத்தை 2007 டிசம்பரில் பாராளுமன்றம் ஏற்றது. ஏற்றதே தவிர நடைமுறை வரவில்லை. 2016இல் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் கண்டித்து உத்தரவு போட்ட பிறகுதான் பணம் அசைந்தது. இனுயிட் பிள்ளைகளுக்கு இதைப் போல ஒரு தனித் திட்டம் பின்னால் வந்தது.

இந்தப் பணத்தில் வடமேற்குப் பிரதேசங்களின் பாடசாலைகள் உதவியாளர்களை அமர்த்தத் தொடங்கின. பிள்ளையின் பெயரில் விண்ணப்பம் போகும். அனுமதி வந்தால் ஒரு கல்வியாண்டுக்கு ஒரு உதவியாளர். பிள்ளைகள் அதுவரை பெறாத கவனிப்பைப் பெற்றார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை பார்ப்பவர் பக்கமிருந்து பாருங்கள். உங்கள் வேலை பாடசாலைக்கு உரியது அல்ல, ஒரு விண்ணப்பத்துக்கு உரியது. பிள்ளை குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனால் வேலை போகும். ஒட்டாவாவில் கோப்பு தேங்கினால் வேலை தொங்கும். கோப்புகள் தேங்கத்தான் செய்தன. 2024 கடைசியில் நாடு முழுவதும் தேங்கியிருந்த விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன.

பிறகு 2025 பிப்ரவரி. மத்திய அரசு விதிகளை இறுக்கியது. ரிசர்வுக்கு, அதாவது பழங்குடி மக்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கிய நிலத்துக்கு, வெளியே இருக்கும் பாடசாலைகளில் இப்படியான உதவிகளுக்கு இனிப் பணம் இல்லை, சில விதிவிலக்குகள் தவிர என்று அறிவித்தது. தெற்கில் இது எப்படிக் கேட்டதோ தெரியாது. வடமேற்குப் பிரதேசங்களில் ரிசர்வ் என்று இருப்பதே இரண்டுதான். மற்ற ஊர்கள் முழுக்கப் பழங்குடி மக்களே வாழ்ந்தாலும் சட்டப்படி ரிசர்வ் அல்ல. ஆகவே ஏறக்குறைய அத்தனை பாடசாலைகளும் ஒரே நாளில் 'வெளியே' போய்விட்டன. யெல்லோநைஃபின் பாடசாலை வாரியங்களில் மட்டும் டஜன் கணக்கான உதவியாளர்களின் வேலை அந்த வசந்தத்தில் ஆட்டம் கண்டது. பிரதேச அரசு இடைக்காலப் பணம் போட்டு ஒரு பகுதியைக் காப்பாற்றியது. இடைக்காலம் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால், இதில் குற்றம் கோட்பாட்டில் இல்லை. அவசரத்துக்கு வைத்த பணத்தில் அன்றாடச் சம்பளத்தை ஓட்டியதுதான் குற்றம். தம்பியின் காது அடுத்த நிதியாண்டில் குணமாகப்போவதில்லை. தேவை பன்னிரண்டு வருடத்துக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பணியிடம் மட்டும் பத்து மாதத்துக்கு.

இப்போது வேலைவாய்ப்பு எப்படி என்று சொல்லும் நட்சத்திர மதிப்பீடுகளுக்கு வருவோம். மத்திய அரசின் ஜாப் பேங்க் தளத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு பிரதேசத்துக்கும் வாய்ப்பு நல்லது, மிதமானது என்று போட்டிருப்பார்கள். ஒன்ராறியோவுக்கு அது ஓரளவு பயன்படும். 41,000 பேர் வாழும் இடத்துக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. ஆள் தொகை சிறிதாக இருக்கும் இடங்களில் பல தொழில்களுக்கு 'தீர்மானிக்க இயலவில்லை' என்றே போட்டுவிடுவார்கள். அதுதான் நேர்மையான பதிலும்கூட. ஒரு ஊரில் இரண்டு உதவியாளர் வேலைதான் இருக்கிறது என்றால், ஒருவர் பிரசவ விடுமுறையில் போனாலே அங்கே ஐம்பது வீத வேலைகள் காலி.

காலியிடம் நிறைய இருக்கிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் ஒரு வேலை வருடாவருடம் காலியாகவே இருந்தால் அந்த வேலையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மணிக்கணக்குச் சம்பளம், கோடையில் சம்பளம் இல்லை. ஆசிரியர்களைப் போலல்லாமல் உதவியாளர்கள் கோடையில் வேலையிழப்புக் காப்புறுதி, அதாவது ஈ.ஐ., கேட்கலாம், போதிய மணிநேரம் வேலை செய்திருந்தால் கிடைக்கும். அது ஒரு ஆறுதல். வடக்கில் வாழ்பவர்களுக்கான வரிக்கழிவு இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதமாவது வாழ்ந்திருந்தால் நாளுக்கு 22 டொலர் வரை கழிக்கலாம். வருமானத்தில் கழிக்கும் தொகை அது, கையில் தரும் காசு அல்ல. சிலர் அதைச் சம்பளத்தோடு கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விடயம் வீடு. சின்ன ஊர்களில் வாடகைக்கு வீடு என்ற பேச்சே அநேகமாகக் கிடையாது. ஆசிரியருக்கே வீடு கிடைப்பது பெரும்பாடு. உதவியாளர் வேலை உள்ளூர்க்காரருக்கு என்ற எண்ணத்திலேயே அமைந்திருப்பதால் விளம்பரத்தில் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வேலை கிடைத்துவிட்டது என்று போய் இறங்கி, பாடசாலை ஊழியர் ஒருவரின் சோபாவில் படுத்து, நத்தாருக்குள் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வேலை உள்ளூர்க்காரருக்குத்தான் உரியது என்பது என் அபிப்பிராயமும்கூட. இதைச் சொன்னால் இங்கே சிலர் முகம் சுளிப்பீர்கள், பரவாயில்லை. பிரதேச அரசு 1989 முதலே தன் வேலைகளில் பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் கொள்கையை வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் இடத்தில் இன்னும் நேரடியான ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. அது காகிதத்து நியாயம் மட்டும் அல்ல. பிள்ளையின் மொழி தெரிந்த, அவன் பாட்டியைத் தெரிந்த, அடுத்த வருடமும் அதே ஊரில் இருக்கப்போகிற ஆள் அவனருகில் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. வெளியிலிருந்து வரும் நாம் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த மூன்றும் நம்மிடம் இல்லை. கவலை என்னவென்றால், உள்ளூர்க்காரர் படித்து மேலே வரும் வழி சுருங்கிக்கொண்டே போகிறது. அரோரா கல்லூரி சிறிய ஊர்களில் நடத்திவந்த கற்றல் நிலையங்களை மூடுவதாக 2025இல் முடிவெடுத்தது. நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய் சான்றிதழுக்காக ஃபோர்ட் ஸ்மித்துக்கோ யெல்லோநைஃபுக்கோ போய் எப்படி இருப்பாள்? தம்பியின் உதவியாளராக இருந்த அந்த அம்மா போன்றவர்கள் சான்றிதழ் இல்லாமலேயே சம்பளப் படியில் அடியில் நிற்பார்கள். பிறகு 'தகுதியுள்ள ஆள் கிடைக்கவில்லை' என்று தெற்கே விளம்பரம் போகும். அந்த விளம்பரத்தைத்தான் நீங்கள் இங்கே கைத்தொலைபேசியில் பார்க்கிறீர்கள்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். யெல்லோநைஃபுக்கும் இனுவிக், ஹே ரிவர், ஃபோர்ட் ஸ்மித் போன்ற பெரிய ஊர்களுக்கும் போகலாம். அங்கே வாடகை அதிகமானாலும் வீடு உண்டு. ஒரு பணியிடம் போனால் இன்னொன்று தேட இடமும் உண்டு. குடிவரவுக்காகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: 2025இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கல்வித்துறைக்கென்று தனிப் பிரிவு கொண்டுவந்தபோது ஆசிரியர் உதவியாளர் தொழிலையும் அதில் சேர்த்தார்கள். முன்பு இந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர் வடக்கிலேயே இருப்பாரா என்பது வேறு கேள்வி. ஊர் மக்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதுவும் உங்களிடம் நேராகக் கேட்பார்கள்.

வெறும் உதவியாளராகவே போய் உதவியாளராகவே இருக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். செவிப்புலன், பேச்சு, ஓட்டிசம், பிறப்புக்கு முந்திய மதுப் பாதிப்பு, இவற்றில் ஒன்றிலாவது ஆழமான பயிற்சி எடுத்துக்கொண்டு போங்கள். நெருக்கடி நேரத்தில் பிள்ளையை வன்முறையில்லாமல் கையாளும் பயிற்சியும் முதலுதவியும் எப்படியும் கேட்பார்கள். அங்கே உங்களுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளூர் உதவியாளர் இருப்பார். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்குக் கற்றுக்கொடுங்கள், அவரிடமிருந்து ஊரைக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியாளின் வேலைக்கு அங்கே ஒரு பெறுமதி இருக்கிறதென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

தொலைபேசி நேர்முகத்தில் பெரும்பாலும் அதிபரும் புரோகிராம் சப்போர்ட் டீச்சர் எனப்படும் உதவித்திட்ட ஆசிரியரும் இருப்பார்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்ததும் "உங்களுக்கு ஏதும் கேள்வி உண்டா" என்பார்கள். நம்மவர்கள் மரியாதைக்கு "இல்லை" என்றுவிடுவார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். இந்தப் பணியிடத்துக்குப் பணம் பிரதேச அரசின் வழமையான ஒதுக்கீட்டிலிருந்து வருகிறதா, விண்ணப்பித்துப் பெறும் பணமா என்று கேளுங்கள். விண்ணப்பம் என்றால் அனுமதி ஏற்கனவே வந்துவிட்டதா, எந்தத் திகதிவரை என்று கேளுங்கள். எந்த வீட்டில் இருப்பேன், வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் வீட்டை விட வேண்டும் என்று கேளுங்கள். போன வருடம் இந்த இடத்தில் இருந்தவர் யார், ஏன் இப்போது இல்லை என்றும் கேளுங்கள். அவர் உள்ளூர்க்காரராக இருந்து, பணமில்லை என்று நிறுத்தப்பட்டவராக இருந்தால், உங்களை எந்தப் பணத்தில் எடுக்கிறார்கள் என்று இன்னொரு முறை கேளுங்கள். நல்ல அதிபர்கள் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார்கள். அவர்களே இந்தக் கேள்விகளோடு ஒவ்வொரு வசந்தத்திலும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

விளம்பரங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் வரத் தொடங்கும். சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கான பொலிஸ் நற்சான்று கிடைக்கச் சில கிழமைகள் பிடிக்கும். அதற்கான விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.